அடகில் ஒரு சாவுச்சட்டை

பால்கெய்ல்,
1805 பிப்ரவரி 18

எப்பிக்கு, மெரன் எழுதுவது.

மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவதில் எழுதுகிறேன். தாள் என்ன விலை என்று கணக்குப் பார்க்கிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் இதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்.

நினியனின் படகை ஆளில்லாமல் உங்கள் முனைக்கு அப்பால் கண்டெடுத்ததாக டேவி வந்து சொன்னான். அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு விடுகிறவன், பொய் சொல்ல அவனுக்கு என்ன வந்தது? தூண்டில் கயிறு சுருட்டிய சுருள் கலையாமல் கிடந்ததாம். காண்டில்மஸ் திருநாள் என்றும் பாராமல் விடிந்ததும் கடலுக்குப் போன மூன்று பேரில் ஒருவர்கூட இல்லையாம். அவனுக்கு நடை பழக்கியவள் நான், எப்பி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

போன நவம்பரில், மார்ட்டின்மஸ் தவணை நாளில், நமக்குள் நடந்ததை நான் மறக்கவில்லை. நீ ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு கேட்டு வந்தாய். தம்பி பெண்டாட்டி என்று பார்க்காமல் ஈடு கேட்டேன். பதினொரு வருஷமாக இந்தக் கரையில் பொருள் வாங்கிக்கொண்டு மாவும் சணலும் கொடுக்கிறேன், ஈடு இல்லாமல் யாருக்கும் கொடுத்ததில்லை. உனக்குக் கொடுத்திருந்தால் மறுநாளே ஊர் முழுக்க என் சொந்தக்காரர்கள் ஆகியிருப்பார்கள். நீ கொண்டுவந்த துணி மூட்டையைப் பிரித்து அவனுடைய சாவுச்சட்டையை என் மேஜை மேல் வீசினாய். "இந்தாங்க, உங்க தம்பியப் புதைக்கத் தெச்சது. இதயும் பூட்டி வெச்சுக்குங்க" என்றாய். நானும் பூட்டி வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பெண் தைத்துக் கொண்டுவரும் சட்டை அது. அது அவன் வீட்டில்தான் இருக்க வேண்டும். கரை ஒதுங்கினால் உடுத்த வேண்டுமே. டேவியிடம் கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக்கொள். மாவைத் திருப்பித் தர வேண்டாம்.

மெரன் ஃபிண்ட்லே


ஸ்கார்ஹேவன்,
மார்ச் 2

மதினிக்கு,

உங்கள் பொட்டலத்தை டேவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சாகவில்லை. அந்த வாரம் முழுவதும் எங்கள் முனைக்கு வெளியே அரசாங்கப் போர்க்கப்பல் ஒன்று நின்றது. மீனவர்களைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பீரங்கி இழுக்க விடுகிறார்கள் என்பது உங்கள் கரைக்கும் தெரிந்ததுதான். படகில் கயிறு கலையாமல் இருந்தது என்றால் அலை அடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மூழ்கப் போகிறவன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டா மூழ்குவான்?

இன்னொன்றும் சொல்கிறேன். சட்டையை உங்களிடம் வைத்துவிட்டு வந்தேன் என்று அன்று சொன்னபோது அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கஞ்சி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். "இனி நான் சாகணும்னாலும் எங்கக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் சாகணும்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு இப்போது அந்த விளையாட்டு ஒன்றுதான் மிச்சம். உடுத்த வேண்டியது உங்கள் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்வரை அவரை யார் கூப்பிட்டாலும் அவர் போக முடியாது. நான் அதை மீட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தால், வா என்று நானே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

மாவை இனாமாகத் தருகிறேன் என்கிறீர்கள். நவம்பரில் தந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன். இப்போது வேண்டாம். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், வைத்தது வைத்ததாக இருக்கட்டும்.

எப்பி ரீட்


பால்கெய்ல்,
மே 20

எப்பி,

கோபித்துக்கொண்டு எழுதாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

என்னிடம் வந்த துணியை வந்ததை விட நல்ல நிலையில் திருப்பிக் கொடுப்பேன், இது எனக்குப் பெருமை. வருஷத்துக்கு ஒருமுறை, விட்சன் தவணை முடிந்ததும், பெட்டியில் இருப்பதையெல்லாம் எடுத்து வெயிலில் போடுவேன். போன வெள்ளிக்கிழமை போட்டேன். போர்வை, மேஜை விரிப்பு, யாரோ ஒருத்தியின் கல்யாணப் பாவாடை, கூடவே நினியனின் சட்டை. நல்ல வெயில். மதியத்துக்குள் எல்லாம் காய்ந்து மொறுமொறுத்தன. சட்டையும் காய்ந்தது, வலது மணிக்கட்டுப் பட்டியைத் தவிர. அது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிழிந்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

என் புருஷன் ஹியூ சிரிக்கிறான். "கூரை ஒழுகுது, அவ்வளவுதான். உன் புருசன் கூரை வேயறவனா இருந்திருந்தா இந்தப் பேய் வந்திருக்காது" என்கிறான். கூரை ஒழுகினால் பக்கத்தில் இருந்த போர்வை நனையாதா? பெட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்தினேன். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். மறுநாள் பார்த்தால் அதே பட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது.

அந்தப் பட்டியில் முன்பு தையல் விட்டுப்போயிருந்தது. நீ மறந்திருப்பாய். கடைசி மூன்று விரல் நீளத்துக்குப் பிரிந்து, தைத்த நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலையே ஊசியில் கோர்த்து மூடிவிட்டேன். அதனால் ஏதும் ஈரம் பிடிக்கிறதோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி என்னென்னவோ யோசிக்கிறேன்.

இதைக் கொண்டுபோய்விடு எப்பி. கெஞ்சிக் கேட்கிறேன். அடகு வைத்தவளிடம் அடகு பிடித்தவள் கெஞ்சுவதை இந்தக் கரை இதுவரை பார்த்ததில்லை.

மெரன்


ஸ்கார்ஹேவன்,
மே 27

மதினி,

அந்தத் தையலை என்றைக்குப் போட்டீர்கள்? மாதம் மட்டும் போதாது, நாளும் வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எப்பி


பால்கெய்ல்,
ஜூன் 19

எப்பி,

உன் மூன்று வரி வந்து மூன்று வாரமாகிறது. எதற்காகக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் படித்த உடனே தாளை மடித்துப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். கேள்வி எதற்கென்று தெரியாமலே பதிலுக்குப் பயப்படுவது எனக்குப் புதிது.

டிசம்பரில் போட்டேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். எழுதியும் விட்டேன். அந்தத் தாளை டேவியின் கையில் கொடுத்துவிட்டு, அவன் படகைத் தள்ளுவதற்குள் ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன். "கெழவிக்குக் கால்ல சக்கரம் முளைச்சிருச்சு" என்று அவன் கத்தினான். படகில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

காண்டில்மஸ் அன்று போட்டேன். காலையில், தேவாலயத்துக்குப் புறப்படும் முன்பு. ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. நவம்பரில் உன்னிடம் கடுமையாக நடந்துகொண்டது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. தவணைக்கு நீ மீட்க வரும்போது தையல் சரியாக இருப்பதைப் பார்த்தால் உனக்குக் கோபம் தணியும் என்று நினைத்தேன். உனக்காகத்தான் போட்டேன். எட்டுத் தையல். அறுந்துவிடக் கூடாது என்று கடைசியில் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

எதற்காகக் கேட்டாய் என்று சொல்.

மெரன்


ஸ்கார்ஹேவன்,
ஜூன் 24

மதினி,

சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் உங்கள் பக்கத்துப் பெண் இல்லை. தெற்கே ஃபைஃப் கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷனின் சாவுச்சட்டையை முழுசாகத் தைத்து முடிக்க மாட்டாள். வலது கைப்பட்டியில் மூன்று விரல் திறந்து விடுவாள், நூலையும் வெட்டாமல் தொங்க விடுவாள். உடுப்பு இன்னும் தயாராகவில்லை, அப்புறம் வா என்று சொல்வதற்காக. அவன் செத்த பிறகுதான் பெண்டாட்டி உட்கார்ந்து அந்த மூன்று விரலைத் தைப்பாள். அதை அவளைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. என் அம்மா அப்பாவுக்கு அப்படித்தான் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன்.

நீங்கள் தைத்து முடித்துவிட்டீர்கள். அவர் கடலில் இருந்த அன்றே, அதே காலையில். போதாதென்று இரண்டு முடிச்சு வேறு போட்டிருக்கிறீர்கள்.

ஒரு மூட்டை மாவுக்காக என் கையிலிருந்து அதை வாங்கினீர்கள். வாங்கியதைச் சும்மா வைத்திருக்கக் கூடாதா? உங்கள் சுத்தமும் உங்கள் பெருமையும்! பட்டி ஏன் நனைகிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். கதவைச் சாத்தினவர் நீங்கள், தட்டுகிறவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது ஆறாவது மாதம். இவ்வளவு நாள் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இதையும் ஈடாகக் கேட்பீர்கள் என்று பயம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

எப்பி ரீட்


பால்கெய்ல்,
செப்டம்பர் 20

எப்பி,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று மாதம் அப்படியே இருந்தேன். இதைப் படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, நான் எழுதியாக வேண்டும்.

தையலைப் பிரித்துவிட எத்தனையோ முறை உட்கார்ந்தேன். கத்தரியைப் பட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் துணி நனைந்து கனத்து நழுவுகிறது. பிரித்தால் மட்டும் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் உன்னைத் தவிர யாரும் இல்லை, நீயோ பேச மாட்டேன் என்கிறாய். போன வாரம் வெயிலில் போட்டிருந்தேன். காற்று ஒரு துளி இல்லை, பக்கத்துக் கொடியில் கைக்குட்டைகூட அசையவில்லை. சட்டையின் வலது கை மட்டும் மெல்ல மேலெழுந்து, என் வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் நினியன் அப்படித்தான் கையை நீட்டுவான். அடிப்பதானால் கையில் அடி, முதுகில் வேண்டாம் என்பான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது.

நவம்பர் பன்னிரண்டோடு வருஷமும் ஒரு நாளும் முடிகிறது. அதற்குள் நீ மீட்காவிட்டால் சட்டை என்னுடையதாகிவிடும். மீட்காமல் தங்கிவிட்ட சாவுச்சட்டை புது வீட்டில் தனக்கு ஓர் ஆளைத் தேடும் என்று இங்கே சொல்வார்கள். ஹியூவுக்கு ஒரு மாதமாக இருமல். "அந்தச் சட்டை எனக்கு நெஞ்சுல பத்தாது, பயப்படாதே" என்கிறான். இருமிக்கொண்டேதான் சொல்கிறான்.

பிள்ளை பிறந்ததா?

மெரன்


பால்கெய்ல்,
அக்டோபர் 21, திங்கள் காலை

எப்பி,

டேவி நிற்கிறான். அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சால்மன் வலைக்காரர்கள் மணல்திட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை இழுத்துக் கரை சேர்த்தார்கள். முகத்தைப் பார்த்து யார் என்று சொல்ல முடியாது. என்னைக் கூப்பிட்டுப் பெல்ட்டைக் காட்டினார்கள். பித்தளைக் கொக்கி. நாக்கு உடைந்துபோய், அதற்குப் பதிலாகப் படகு ஆணி ஒன்றை வளைத்து அடித்திருந்தது. அந்த ஆணியை அப்பா அடித்தபோது கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அது நம் நினியன்தான் எப்பி. கொக்கியை உனக்கு அனுப்புகிறேன், நீயே பார்த்துக்கொள். என் வார்த்தையை மட்டும் நம்பு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

வலைக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். சபை மூப்பர் நேற்று வந்து பார்த்தார். "புதன்கிழமைக்கு மேல வைக்க முடியாது மெரன். ஏதாவது பாய்மரத்துணி சுத்திக் குடுங்க, அதுவே போதும்" என்றார். பத்தடி தூரத்தில் என் பெட்டியில் அவனுடைய சட்டை இருக்கிறது. பாய்மரத்துணியாம்.

அதை நானாக எடுத்து உடுத்த மாட்டேன். அது இன்னும் உன் பொருள். அடகுப் பொருளை எடுத்து ஆள்பவள் திருடி, நான் திருடி இல்லை. ஆனால் இதற்கு அது மட்டும் காரணம் இல்லை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை அந்தச் சட்டையில் கை வைத்தேன். அது போதும்.

நீ மீட்டால் உடுத்துகிறேன். வேண்டாம் என்றால் பாய்மரத்துணிதான். அதற்குப் பிறகு அவன் உயிரோடிருக்கிறான் என்று நீ நம்பிக்கொண்டிருந்தால், என் வாயால் மறுத்துச் சொல்ல மாட்டேன். நாளை மாலைக்குள் பதில் வேண்டும்.

மெரன்


ஸ்கார்ஹேவன்,
அக்டோபர் 22

மதினிக்கு,

கொக்கி அவருடையதுதான். கல்யாணத்தன்று அந்த ஆணி குத்தி என் பாவாடை கிழிந்தது.

நான் வந்து பார்க்க வேண்டும். வர முடியாது. பெண் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. நான் இன்னும் தேவாலயத்துக்குப் போய்த் தீட்டுக் கழித்து வரவில்லை, அப்படிப்பட்டவளை எந்தப் படகுக்காரனும் ஏற்ற மாட்டான். டேவியிடம் கேட்டேன். "மாட்டேன்னு சொல்ல வாய் வரல, சரின்னு சொல்லவும் தைரியம் வரல" என்று அழுதான். அவனை விட்டுவிட்டேன்.

அவனோடு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு வருகிறது. நான் வாங்கிய அதே அளவு, நிறுத்துப் பாருங்கள். ஆகஸ்டு லாமஸ் தவணையிலிருந்தே அது என் வீட்டு மூலையில் நிற்கிறது. எந்த நாளும் மீட்டிருக்கலாம். மீட்கவில்லை. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். இன்றைக்கு என் கையாலேயே படகு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

மீட்டுவிட்டேன். சட்டை என்னுடையது. என் புருஷனுக்கு உடுத்திவிடுங்கள்.

பட்டியைப் பிரிக்க வேண்டாம், உங்கள் தையல் அப்படியே இருக்கட்டும். ஜூனில் நான் எழுதியதெல்லாம் கோபத்தில் கட்டிய கதை. ஃபைஃப் கரையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்தேன், கடைசி மூன்று விரலில் நூல் தீர்ந்துபோனது. புது நூற்கண்டு எடுக்கச் சோம்பல். அவ்வளவுதான் மதினி. நீங்கள் தைத்தது நல்லதாகப் போயிற்று. நான் தைத்திருந்தால் கோணலாக இருந்திருக்கும்.

இதைத் தினமும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

எப்பி


பால்கெய்ல்,
அக்டோபர் 30

எப்பி,

போன புதன்கிழமை முற்பகலில் அடக்கம் செய்தோம். ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். சபையின் கறுப்புப் போர்வையைக் கேட்டு வாங்கி மேலே விரித்தோம். ஹியூ தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்து இறக்கினான். அவன் இருமல் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. அதை எதோடும் முடிச்சுப் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முடிச்சுப் போட்டதெல்லாம் போதும்.

சட்டையை நானேதான் உடுத்தினேன். உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அவனுக்கு வலது கை இல்லை, முழங்கைக்குக் கீழே கடல் வைத்துக்கொண்டது. அதனால் அந்தச் சட்டைக்கை வெறுமையாகவே கிடந்தது. மடித்து மார்பின் மேல் வைத்தேன். பட்டி அப்போதும் நனைந்துதான் இருந்தது. துடைக்கவில்லை, அதையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது. பிறகு மூடினார்கள்.

மாவை நிறுத்தேன், சரியாக இருந்தது. திருப்பி அனுப்ப மாட்டேன். அனுப்பினால் நீ மீட்டது மீட்டதாகாது. பெட்டியில் சட்டை இருந்த இடத்தில் பலகை இன்னும் ஈரமாக இருக்கிறது. அங்கே வேறு எதையும் வைக்கப் போவதில்லை.

நூல் தீர்ந்துபோனது என்று எழுதியிருக்கிறாய். எப்பி, நூல் தீரவில்லை. ஒரு முழத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுத் தையல் போட்டு, இரண்டு முடிச்சும் போட்ட பிறகு மிச்சத்தை நான் வெட்டி எறிந்தேன். அந்த நூலையே கோர்த்துத் தைத்தேன் என்று மே மாதமே உனக்கு எழுதியிருக்கிறேன். நீ அதை மறக்கிறவள் இல்லை.

பதினொரு வருஷமாக ஜனங்கள் என் மேஜை மேல் எதையெதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எது அசல் எது போலி என்று தொட்டாலே எனக்குத் தெரியும். நீ கடைசியாக வைத்த அந்தக் கடிதம் எது என்றும் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொள்கிறேன். தினமும் எடுத்துப் படிக்கிறேன். இதற்கு வருஷமும் ஒரு நாளும் கிடையாது. இதை மட்டும் நீ என்றைக்கும் மீட்க வராதே.

மெரன்